எழுப்பி நிறுத்திய போத்தல்

2006 ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி பஸ்ஸில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் புறப்பட்டேன். தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். ஆறரை மணி நேரம் ஆகும் என்று சாரதி சொன்னார். பயணம் எழுதுகிறவர்கள் பொதுவாகத் துணிச்சல்காரர்கள். நான் அப்படியில்லை. லிப்டில் தனியாக ஏறப் பயம், பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருக்கப் பயம், ரெலிபோன் மணி அடித்தால் எடுக்கப் பயம். திருகோணமலையில் பிறந்து, வீதித் தடைகளில் நின்று வளர்ந்தவளுக்கு இது வியப்பில்லை என்று என் தம்பி குணம் சொல்வான். அவனும் அங்கேதான் வளர்ந்தான். அவனுக்கு மட்டும் ஏன் இந்த வியாதி தொற்றவில்லை என்று தெரியாது.

மொன்றியலுக்குப் போகும் ரொறன்ரோத் தமிழர் எல்லாரையும் போல நானும் மலைமேல் இருக்கும் சூசையப்பர் கோயிலைப் பார்க்கவே புறப்பட்டேன். சைவக்காரிதான், ஆனாலும் கும்பிட்டு வைத்தால் குறைந்தா போய்விடும்? குணம் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு லெபனான் உணவகத்தில் ஆறு வருடமாகச் சமையல் வேலை. நாற்பது தாண்டியும் கலியாணம் கட்டாமல் பார்க் எக்ஸ்டென்ஷனில் தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறான். அவனுக்கென்று ஓலையில் பின்னிய ஒரு குட்டான் பனங்கட்டி எடுத்துப் பையில் வைத்திருந்தேன். இந்தப் பனங்கட்டி செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

கிங்ஸ்டன் தாண்டியதும் பக்கத்து இருக்கையில் இருந்த பல்கலைக்கழகப் பெண் தன் பத்திரிகையை என்னிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் பெய்ரூத், உடைந்த பாலம், கப்பலுக்கு வரிசையில் நிற்கும் சனங்கள். “பயமாக இருக்கிறது, இல்லையா?” என்றாள் ஆங்கிலத்தில். ஓம் என்றேன். எங்கள் ஊர்ப் பக்கமும் அந்த வாரம் சத்தம் தொடங்கிவிட்டது என்று அவளிடம் சொல்லவில்லை. ஒரு பத்திரிகைக்கு ஒரு யுத்தம் போதும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மொன்றியல் பஸ் நிலையம். குணம் சமையல் உடுப்போடேயே வந்து நின்றான். பையை வாங்கியவன் முகம் சரியில்லை.

“அக்கா, வீட்ட பேந்து போவம். முதல் கடைக்கு வாங்கோ. முதலாளியை விட்டிட்டு வர ஏலாமக் கிடக்கு.”

பச்சைக் கோடு மெட்ரோவில் ஏறினோம். ஆளுக்கு இரண்டரை டொலர். இங்கே ரயில்கள் இறப்பர்ச் சக்கரத்தில் ஓடுவதால் சத்தம் குறைவு. சத்தம் குறைந்த இருட்டு எனக்கு இன்னும் மோசம். அந்த இருட்டில் வைத்துத்தான் குணம் கதையைச் சொன்னான்.

முதலாளியின் பெயர் எலியாஸ். ஊர் பெக்கா பள்ளத்தாக்கு. இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவில் ஆயிரம் மீற்றர் உயரத்தில் கிடக்கும் திராட்சை நிலம். தகப்பன் யூசெப்புக்கு எழுபத்தெட்டு வயது. அங்கே தனியாக இருந்து, பரம்பரைத் தோட்டத்துத் திராட்சையில் சிவப்பு வைன் செய்கிறார். கனடா வதிவுரிமை இருந்தும் வரமாட்டேன் என்று நின்ற மனிதர், குண்டு கிட்ட விழத் தொடங்கிய பிறகு மகனின் கெஞ்சலுக்கு இறங்கியிருக்கிறார். திங்கட்கிழமை கடைக்கு ரெலிபோன் எடுத்து, “நாளைக் காலை பெய்ரூத்துக்குப் புறப்படுகிறேன், கப்பல் ஏறுவேன்” என்றாராம். பெக்காவிலிருந்து பெய்ரூத் ஐம்பது கிலோமீற்றர்தான். ஆனால் நடுவில் மலை. மலைமேல் போகும் பெரிய பாதையில்தான் குண்டு விழுகிறது. செவ்வாய், புதன், வியாழன் போய் வெள்ளியும் வந்துவிட்டது. ஒரு சொல் இல்லை.

“கிழவருக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் கடை நம்பர்தான் அக்கா. அதால எலியாஸ் போனை விட்டு அசையிறாரில்லை. படுக்கிறதும் கடையிலதான்.”

உணவகம் அரைவாசி நிலத்துக்குக் கீழே இருந்தது. பத்துப் பன்னிரண்டு மேசை. எலியாஸ் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். வயது நாற்பது சொச்சம், பெரிய உடம்பு, சவரம் செய்யாத முகம். எழுந்து என் கையைப் பிடித்து, “வெல்கம், சிஸ்டர்” என்றார். கண் மட்டும் ரெலிபோனை விட்டுப் போகவில்லை. வானொலியில் பால்பெக் என்ற பெயர் கேட்டதும் உதட்டைக் கடித்தார். அவருடைய ஊருக்குக் கிட்ட உள்ள நகரம் அது. வைனுக்கென்று இருந்த ஒரு தெய்வத்துக்கு ரோமர்கள் கட்டிய கோயில் அங்கே இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்துக்கு முன்பே அந்த மண்ணில் வைன் செய்தார்கள், கப்பலில் ஏற்றி விற்றார்கள் என்று பிறகு அவர்தான் சொன்னார்.

அரிசி மூட்டை எடுக்க நிலவறைக்குப் போன குணத்தோடு நானும் இறங்கினேன். ஒரு பக்கச் சுவரில் போத்தல்கள் எல்லாம் படுத்திருந்தன. ஒன்றே ஒன்று தனி மேசையில் நிமிர்ந்து நின்றது. லேபல் இல்லை. தோள் பக்கம் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு. அடியில் கறுப்பாக மண்டி இறங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அரிஷ்டப் போத்தல் இப்படி மண்டி கட்டினால் என்ன செய்வோம்? குலுக்குவோம். நான் கை நீட்டினேன்.

“ஐயோ தொடாதேங்கோ!” குணம் அரிசி மூட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். என் உயிர் போய் வந்தது.

அது யூசெப் இருபது வருடத்துக்கு முன்பு செய்த வைன். மகன் கனடாவுக்குப் புறப்பட்டபோது கொடுத்துவிட்ட போத்தல்களில் மிஞ்சிய கடைசி ஒன்று. பழைய சிவப்பு வைன் வருடக்கணக்கில் படுத்தே கிடக்கவேண்டும். அப்போதுதான் அடைப்பான் காயாமல் இருக்கும். பெயின்ர் கோடு எப்போதும் மேலே பார்க்கும்படி வைப்பார்கள், மண்டி ஒரே பக்கம் படியட்டும் என்று. திறக்க எண்ணினால் மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு முன் எழுப்பி நிறுத்துவார்கள். மண்டி அடிக்கு இறங்கியபின், மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து, தெளிவை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுவார்கள்.

“தகப்பன் வாறன் எண்டு சொன்ன அண்டைக்கே எழுப்பிப்போட்டார். ஆனா அவையின்ர முறை அதில்லையாம். அந்த வருசத்துப் பழம் வெட்டி வீடு வந்து சேர்ந்தாப் பிறகுதான் பழைய போத்தல் ஒண்டு திறக்கிறதாம். பழம் வெட்டுறது செப்டெம்பரில. இவர் பயத்தில முறையை மாத்திப்போட்டார்” என்றான் குணம்.

படி ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஆள் வருமா வராதா என்று தெரியாத வீட்டில் அது மட்டும் எழுந்து நின்று காத்திருந்தது.

சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்காரர் போன பிறகு. எலியாஸ் போத்தலைப் பார்க்க நிலவறைக்கு இறங்கினார். சும்மா இருக்கிறேனே என்று எல்லாருக்கும் கோப்பி வைத்தேன். ஏலம் போட்ட அவர்களுடைய தூள், நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பித்தளைப் பாத்திரம். கோப்பி கொதிக்கும்போது ரெலிபோன் அடித்தது. குணம் எடுத்து பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தான். ஞாயிறு இரவுக்கு மேசை கேட்ட யாரோ. ஞாயிறு கடை பூட்டு.

எலியாஸ் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார். நான் அவர்முன் கோப்பியை வைத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி சீனி போடவில்லை. தட்டில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்திருந்தேன். வெறுந்தேத்தண்ணியோ கோப்பியோ, கசப்பாக ஒரு மிடறு, இனிப்பாக ஒரு கடி. அதைவிட ருசி உலகத்தில் இல்லை என்பது எங்கள் துணிபு.

அவர் பனங்கட்டியைக் கவனிக்கவில்லை. ஒரு மிடறு குடித்தார். கோப்பை அப்படியே நின்றது. முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதென்று தெரியாது. கோப்பையைக் கீழே வைத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

“எப்போது? போனில் யார் சொன்னது?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குணத்துக்கு விளங்கிவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். லெபனான்காரர் கோப்பியில் சீனியைக் கொதிக்கும்போதே போடுவார்கள். சீனி இல்லாமல் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் கேட்காமல் கசப்புக் கோப்பி ஒருவர் கையில் கொடுப்பது சாவீட்டில்தான். எலியாஸ் இனிப்புக் கோப்பிக்காரர் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். ரெலிபோன் அடித்தது, உடனே கசப்புக் கோப்பி வந்தது. வாயால் சொல்ல முடியாத சேதியை நாங்கள் கோப்பியில் சொல்லிவிட்டோம் என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டார்.

“இல்லை, இல்லை! அது மேசை கேட்ட கோல்! உங்கள் பாபாவைப் பற்றி ஒருவரும் எடுக்கவில்லை!” குணம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினான். எலியாஸ் நம்பவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் என் கோப்பையை எடுத்தேன். அவர் பார்க்கும்படி ஒரு மிடறு குடித்தேன், பனங்கட்டியைக் கடித்தேன், மறுபடி குடித்தேன். “எங்கள் ஊர் இப்படித்தான். இப்படித்தான் குடிப்போம். சந்தோசத்துக்கும் இப்படித்தான்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு தன் தட்டில் கிடந்த துண்டை எடுத்து மோந்தார், கடித்தார். பெரிய உடம்பு குலுங்கத் தொடங்கியது. அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும்தான்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த வைனின் கதையைச் சொன்னார். குணம் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

எண்பதுகளின் யுத்தம் அது. தோட்டம் பெக்காவில், வைன் செய்யும் கட்டடம் மலைக்கு அந்தப் பக்கம், கடலோரச் சரிவில். வழமையாக இரண்டு மணி நேரப் பாதை. அந்த வருடம் பெரிய பாதை பூட்டு. யூசெப் லொறியில் திராட்சையை ஏற்றி, இருபது வயது எலியாஸை மேலே உட்காரவைத்து, ஆட்டுக்காரர் போகும் மலைப்பாதையால் புறப்பட்டார். ஒவ்வொரு தடையிலும் நிறுத்தினார்கள். ஓரிடத்தில் இரண்டு பகல் விடவில்லை. வெயிலில் பழம் சூடேறி, லொறியிலேயே நுரைக்கத் தொடங்கியது. சாறு வழிந்து பாதையெல்லாம் ஒழுகியது, குளவிக் கூட்டம் பின்னால் வந்தது. துவக்கோடு நின்றவர்களைவிடக் குளவிக்குத்தான் தான் அதிகம் பயந்ததாக எலியாஸ் சொன்னார்.

ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தபோது, கொட்டிவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். யூசெப் கொட்டவில்லை. தொட்டியில் போட்டு வைன் ஆக்கினார். பத்து வருடம் அது வாயில் வைக்க முடியாத முரட்டு வைனாகக் கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கருஞ்சிவப்பு மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்து, அத்திப்பழமும் தோலும் கலந்த வாசம் கொண்டது. கலியாணத்துக்கு ஒன்று, கடை திறந்தபோது ஒன்று என்று எலியாஸ் தன் பங்கைத் திறந்திருக்கிறார். “ஒவ்வொரு முறையும் பாபாவின் வியர்வை நாறுகிறதா என்று மோந்து பார்ப்பேன்” என்றார். பிறகு மறுபடியும் ரெலிபோனைப் பார்க்கத் தொடங்கினார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் குணத்தின் வீட்டில் படுத்தபோது எனக்கு ஒரே ஒரு பேய்தான். அந்தக் கோப்பி. கிழவருக்கு ஏதும் நடந்திருந்தால் சாவுச் சேதியை முதலில் கொடுத்த கை என் கை. தெரியாமல் செய்ததுதான். அபசகுனம் ஆளைக் கேட்டா வருகிறது?

ஞாயிறு காலை சூசையப்பர் கோயில். நடுப்படிகளில் முழங்காலால் ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பக்கத்துப் படிகளால் ஏறினேன். உள்ளே வரிசை வரிசையாக விளக்குகள். என் பெயருக்கோ குணத்தின் பெயருக்கோ ஏற்றவில்லை. நேரில் பார்த்தறியாத ஒரு வைன்காரக் கிழவருக்காக ஒன்று ஏற்றி, “நான் குடுத்த கோப்பியைக் கணக்கில எடுக்காதேயப்பா” என்று கேட்டேன்.

மத்தியானம் கடையில் குணம் ஒரு யோசனை சொன்னான். லெபனானிலிருந்து கொண்டுவரும் ஆட்களை ஏற்றிய விமானங்கள் டோர்வல் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. எலியாஸ் போய்ப் பார்க்கலாமே, எத்தனை நாளைக்கு ஸ்டூலில் இருப்பது?

“அப்ப போனை ஆர் பாக்கிறது?” என்றேன், பதில் தெரிந்துகொண்டே.

“நீங்கள்தான் அக்கா.”

இருவரும் காரில் போனார்கள். பூட்டிய கடை, கவிழ்த்து வைத்த கதிரைகள், காலுக்குக் கீழே நிலவறையில் நிற்கும் போத்தல், முன்னால் ரெலிபோன். அடித்துவிடக் கூடாது என்று வேண்டினேன். அடிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்றும் வேண்டினேன். கொஞ்ச நேரத்தில் அடித்தது.

ஒரு ஆண் குரல். அரபு. தூரத்துக் கோல் என்று இரைச்சலில் தெரிந்தது. அவசரமாகப் பேசினார், நடுவில் “யூசெப்” என்றார், மறுபடி “யூசெப்” என்றார். அது யூசெப்பா, யூசெப்பைப் பற்றிச் சொல்லும் ஆளா? “எலியாஸ் ஏர்போர்ட், ஏர்போர்ட்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் ஏதோ கேட்டது. அழுததா, லைன் சரியில்லையா தெரியாது. வெட்டுப்பட்டது. குணத்திடம் செல்போன் இருந்தது, நம்பரும் சுவரில் இருந்தது. நான் அடிக்கவில்லை. என்னவென்று சொல்வது? ஒரு முறை தப்பான சேதி கொடுத்தவள் இரண்டாம் முறையும் கொடுப்பதா?

அப்படியே இருந்தேன். திருகோணமலையில் வெளியே போனவர்களுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்த மத்தியானங்கள் அத்தனையும் வந்து பக்கத்துக் கதிரைகளில் இருந்தன.

மாலை ஐந்தரை அளவில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கால்கள் தெரிந்தன. கடை பாதி நிலத்துக்குக் கீழே என்று சொன்னேனே, படிகளில் முதலில் தெரிவது கால்கள்தான். குணத்தின் கால். எலியாஸின் கால். பிறகு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, செம்மண் அப்பிய ஒரு சோடிச் சப்பாத்து.

யூசெப் சின்ன மனிதர். வெயிலில் காய்ந்த கழுத்து. கையில் ஒரு துணிப்பை, வேறு ஒன்றும் இல்லை. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வந்தவர் என்னை யாரோ உறவுக்காரி என்று நினைத்துத் தலையைத் தடவினார். அந்தக் குரல் மறுபடி ரெலிபோன் எடுத்து எலியாஸோடு பேசியது; தோட்டத்துப் பக்கத்து வீட்டுக்காரராம். “யூசெப் வந்துவிட்டாரா” என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பெரிய பாதை உடைந்து கிடந்ததால், கப்பல் ஏற, மூன்று நாள் மலைப்பாதையால் பெய்ரூத்துக்கு வந்திருக்கிறார். கொஞ்சம் ட்ரக்டரில், மிச்சம் நடந்து. எந்த மலைப்பாதை என்று எலியாஸ் கேட்டாராம். “உனக்குத் தெரியாதா? நீ குளவிக்குப் பயந்து அழுத பாதை” என்றாராம் கிழவர்.

நான் கோப்பி வைத்தேன். இந்தமுறை சீனியை அள்ளிக் கொட்டினேன். எலியாஸ் மெழுகுதிரியையும் கண்ணாடிப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் நிலவறைக்கு இறங்கினோம்.

யூசெப் போத்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மகனிடம் ஏதோ கேட்டார், குரலில் கோபம். எலியாஸ் தலைகுனிந்தார். கிழவர் போத்தலின் கழுத்தையும் அடியையும் பிடித்து, பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல, மிக மெதுவாகச் சாய்த்தார். மண்டி ஆடவில்லை. சுவரில் அதன் வெற்றிடத்தைக் கண்டுபிடித்து, வெள்ளைக் கோடு மேலே வர, படுக்கவைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு வசனம் பேசினார்.

எலியாஸ் மொழிபெயர்க்கவில்லை. சமையலறை அரபு பழகிய குணம்தான் என் காதில் சொன்னான்.

“பழம் இன்னும் கொடியில நிக்குதாம். வெட்டாமல் திறக்கிறதில்லையாம். செப்டெம்பருக்குத் திரும்பிப் போறாராம்.”

எலியாஸைப் பார்த்தேன். சனிக்கிழமை கோப்பி குடித்தபோது இருந்த அதே முகம். இந்தமுறை என் கோப்பி காரணமில்லை.

திங்கள் காலை எட்டு மணி பஸ். எலியாஸ் நிலையத்துக்கு வந்து ஒரு பையில் ஒலிவ்காய் தந்தார். “உங்கள் பெற்றோர் எங்கே?” என்று கேட்டார். “அம்மா திருகோணமலையில். வரமாட்டாவாம்” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது யோசித்தேன். கனடா வந்தால் பயம் விடும் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். குண்டு விழாத ஊரில் இருந்துகொண்டு பயப்படுகிற வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். குண்டு விழுகிற ஊரில் இருக்கிறவர்கள் கொடியைப் பார்க்கிறார்கள், கிணற்றைப் பார்க்கிறார்கள். மொன்றியலானால் என்ன, ரொறன்ரோவானால் என்ன, எங்கள் வீடுகளில் எல்லாரும் ரெலிபோனுக்குக் கிட்டத்தான் இருக்கிறோம்.

அந்த யுத்தம் ஓகஸ்டில் நின்றது. யூசெப் சொன்னபடி போய்விட்டார். செப்டெம்பர் முடியும்போது குணம் ரெலிபோன் எடுத்தான். ஊரில் அம்மா சுகம் என்றான், மழை என்றான். நான் இடையில் வெட்டிக் கேட்டேன்.

“போத்தல் படுத்திருக்கா, நிக்குதா?”

“நிக்குது அக்கா. நேற்று எலியாஸ் எழுப்பினவர். பழம் வெட்டத் தொடங்கிட்டினமாம், லொறி இண்டைக்கு மலையேறுதாம். போய்ச் சேர்ந்திட்டுதெண்டு கிழவர் போன் எடுக்கவேணும். இன்னும் எடுக்கேல்லை.”

ரெலிபோனை வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். பனங்கட்டி மேசையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கோப்பைக்குள்ளேயே மூன்று கரண்டி சீனி போட்டு, கரையும்வரை கலக்கினேன்.